வந்தவர் எத்தனை, படித்தவர் எத்தனை

இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்க நல்ல சேவை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டு வருபவர்களிடம், கணக்கு கைக்கு வந்ததும் என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். விளம்பரதாரரிடம் காட்ட வேண்டும் என்பார் ஒருவர். எந்தப் பகுதியை நிறுத்தலாம், எதை வளர்க்கலாம் என்று தெரிய வேண்டும் என்பார் இன்னொருவர். பலரிடம் பதிலே இருக்காது. எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நாமும் வைக்கலாமே என்பதுதான் காரணமாக இருக்கும். எதுவானாலும் அதை ஒரே வாக்கியமாக எழுதி வாங்கிக்கொள்வேன். பின்னால் விற்பனைப் பிரதிநிதிகள் வந்து வண்ண வரைபடங்களை விரிக்கும்போது நம்மைத் தடம் மாறாமல் வைத்திருப்பது அந்த வாக்கியம்தான்.

இந்த வேலைக்கு நான் வந்த காலத்தில் எங்கும் 'ஹிட்' கணக்குதான். ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்தாலே சர்வரின் லாக் கோப்பில் இருபத்தொரு வரி விழும். அத்தனையும் ஹிட். 1995இல் வந்த அனலாக், 1997இல் வந்த வெபலைசர், அதன்பின் வந்த ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்று அந்தக் கோப்பைப் படித்துச் சொல்லும் நிரல்கள் இருந்தன. 2005இல் கூகுள், அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. அதோடு எண்ணும் வேலை சர்வரிலிருந்து வாசகரின் பிரவுசருக்கு இடம் மாறியது. பக்கத்தோடு சேர்ந்து ஒரு சிறிய ஸ்கிரிப்ட் இறங்கும். அது ஓடினால்தான் வருகை பதிவாகும். இந்த மாற்றம் புரியாதவர்களுக்கு லாக் கணக்கும் ஸ்கிரிப்ட் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது என்றைக்கும் புதிராகவே இருக்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரின் பிரவுசரில் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓடாது. ஆனால் லாக்கில் அவர் இருப்பார். வலையில் மேயும் பாட்கள் லாக்கில் குவிந்துகிடக்கும். பெரும்பாலானவை ஸ்கிரிப்டை ஓட்டாது. பக்கத்தின் நகலை வாசகருக்கு அருகிலேயே வைத்துத் தரும் சி.டி.என். வழியாகப் போனால் அது நம் சர்வரைத் தொடாமலே வாசகரைச் சேரும், லாக்கில் தடமே இருக்காது.

ஒரு தமிழ் மாத இதழின் தளத்துக்குச் செய்த மதிப்பீட்டைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். இந்தத் தொழிலில் உள்ள சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு தளத்தில் இருந்தன. வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள், சிங்கப்பூர், டொரண்டோ, பாரிஸிலும் இருந்தார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: 'நெடுந்தொடர்களை வாசகர்கள் முடிவுவரை படிக்கிறார்களா என்று தெரிய வேண்டும்.' நல்ல கேள்வி. இவ்வளவு தெளிவான கேள்வியோடு வருபவர்கள் அபூர்வம்.

மூன்று சேவைகளை ஒரே நேரத்தில் ஒரே பக்கங்களில் பொருத்தினோம். ஒன்று பிரவுசரில் குக்கீ என்ற சிறு அடையாளக் குறிப்பை வைத்து எண்ணுவது. ஒன்று குக்கீயே இல்லாமல் எண்ணுவது. மூன்றாவது, வருபவரின் திரையசைவை அப்படியே படம்பிடித்துக் காட்டுவது. கூடவே சர்வர் லாக். ஒரு முழு இதழ்ச் சுற்று ஓடட்டும் என்று விட்டோம். இடையில் நாங்களே வாசகர்களாகித் தளத்துக்குள் போய் வந்தோம். யார், எந்த போனில், எந்த இணைப்பில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தை, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். உண்மை என்னவென்று நமக்கே தெரிந்த சில வருகைகள் கையில் இருந்தால்தான் சேவை சொல்வதைச் சரிபார்க்க முடியும். செயல்விளக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

நோட்டின் முதல் பக்கத்திலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் ஐந்து பேர், ஐந்து ஆண்ட்ராய்டு போன், ஒரே வைஃபை. ஐந்து பேரும் ஒரே கதையைத் திறந்தார்கள். குக்கீ வைக்கும் சேவை ஐந்து பேர் என்றது. குக்கீ இல்லாத சேவை ஒருவர் என்றது. அது பழுதில்லை, அதன் வழி அப்படி. அன்றைய நாளுக்கான ஒரு ரகசிய எண், தளத்தின் முகவரி, வருபவரின் ஐ.பி. முகவரி, பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் குறிப்பு ஆகியவற்றைக் கலந்து ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும். நாள் முடிந்ததும் ரகசிய எண் அழிந்துவிடும். எங்கள் பிராட்பேண்டில் ஐவருக்கும் வெளியே தெரியும் ஐ.பி. ஒன்றுதான். 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்த போனில் இருந்தாலும் தன்னை 'ஆண்ட்ராய்டு 10, கே' என்றே சொல்லிக்கொள்கிறது. வாசகரை அடையாளம் காண முடியாதபடி கூகுளே செய்த ஏற்பாடு அது. சாம்சங்கும் ரெட்மியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். ஐவரும் குரோமின் ஒரே பதிப்பை வைத்திருந்ததால் ஐவரும் ஒருவர் ஆனார்கள். ஒரு கல்லூரி விடுதியே ஒரு தொடரை விரும்பிப் படித்தாலும் இந்தக் கணக்கில் விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான் வரும்.

அதே சேவையில் இதற்கு நேரெதிரான குறையும் உண்டு. ரகசிய எண் தினமும் மாறுவதால், இன்று வந்தவர் நாளை வந்தால் புதியவர். மாதக் கணக்கில் தினமும் வரும் ஒருவர் முப்பது பேராக நிற்பார்.

சரி, குக்கீ வைப்பது மேல் என்று சொல்லிவிடவும் முடியாது. 2019இல் ஆப்பிள் கொண்டுவந்த கட்டுப்பாட்டின்படி, ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு சஃபாரியில் ஏழு நாள்தான் ஆயுள். ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான். டொரண்டோவில் ஐபோன் வைத்திருக்கும் ஒரு வாசகர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் ஒவ்வொரு முறையும் அவர் புதியவர். மாத இதழுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். இதழ் வந்ததும் தவறாமல் வந்து படித்துவிட்டு, அடுத்த இதழுக்குத்தான் திரும்ப வரும் ஆண்டுக்கணக்கான வாசகர் ஒருவரை இந்தக் கருவி வாழ்நாள் முழுக்கப் புதியவர் என்றே எழுதும். 'வெளிநாட்டில் புது வாசகர்கள் பெருகுகிறார்கள், பழையவர்கள் தங்குவதில்லை' என்று அறிக்கை சொல்லும். இரண்டுமே பொய்.

எந்தச் சேவையும் ஆட்களை எண்ணுவதில்லை. பிரவுசர்களை எண்ணும், அல்லது ஐ.பி. முகவரிகளை எண்ணும், அதை 'பயனர்' என்று தலைப்பிட்டுக் காட்டும். ஆகவே எது சரி என்று நான் தேடுவதில்லை. எதன் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வு நம் கேள்வியைப் பாதிக்குமா என்றுதான் பார்க்கிறேன். எப்படி எண்ணுகிறோம் என்பதை எழுதி வெளியிட்டிருக்கும் சேவைக்கு என்னிடம் முதல் மதிப்பெண். கேட்டும் சொல்லாத சேவையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். இதழின் அலுவலகத்தில் எல்லோரும் ரசித்துப் பார்த்தது உலக வரைபடத்தைத்தான். அமெரிக்காவில் ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து தினமும் வருகை. "அங்கே நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க போல, தம்பி" என்று ஆசிரியர் மகிழ்ந்தார். வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஆஷ்பர்ன், உலகின் மிகப் பெரிய டேட்டா சென்டர் வட்டாரங்களில் ஒன்று. வரைபடத்தில் தெரிந்த இன்னோர் ஊரான ஐயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸில் கூகுளின் டேட்டா சென்டர் இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் வரும் வருகைகளைத் தனியே பிரித்துப் பார்த்தோம். திரை அளவு 800க்கு 600. மனிதர் யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடும் குரோமின் இயல்பான அளவு அது. ஒரு பக்கம், பூஜ்யம் நொடி, ஸ்க்ரோல் இல்லை. ஆனால் வர்ஜீனியாவின் அந்தப் பகுதியில் தமிழர்களும் வசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இருபது நிமிடம் தங்கி ஒரு சிறுகதையை முடித்திருந்ததும் அதே ஊர்ப் பெயரின் கீழ்தான் கிடந்தது. ஊரையே வடிகட்டி எறிந்துவிடும் சேவை அவரையும் எறிந்துவிடும். வருகை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க விடும் சேவை வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

உள்ளூர்க் கணக்கிலும் அப்படியே. மொபைல் இணைப்பில் தென்காசிக்காரர் சென்னைக்காரராகத் தெரிவார். ஐ.பி.யை வைத்து நாட்டை நம்பலாம், மாநிலத்தை ஓரளவு நம்பலாம், ஊரை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இனி ஆசிரியரின் கேள்வி. தொடரைப் படிக்கிறார்களா? இதழின் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் அறிக்கைகள் அந்தத் தொடர் பக்கங்களில் வாசகர் தங்கிய நேரத்தைப் பெரும்பாலும் பூஜ்யம் என்றே காட்டியிருந்தன. அதை வைத்து ஒரு தொடரை நிறுத்தும் யோசனைகூட நிர்வாகத்தில் வந்திருக்கிறது. பழைய முறை, ஒரு பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் தங்கிய நேரமாக எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு, அத்தியாயம் முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் படித்து, மனம் நிறைந்து மூடிவிட்டுப் போகிறவருக்கு அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை. அவர் பூஜ்யம். ஆர்வமில்லாமல் ஒவ்வொரு தலைப்பாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். இதழ் யாருக்காக நடத்தப்படுகிறதோ அந்த வாசகரைக் கருவி கண்டுகொள்ளவில்லை. இதை ஆசிரியரிடம் விளக்கியபோது அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

புதிய அனலிட்டிக்ஸ், பக்கம் கண்முன் திறந்திருக்கும் நேரத்தை எண்ணுகிறது. அது மேல். ஆனால் அதில் தானாகப் பதிவாகும் ஸ்க்ரோல் கணக்கு, பக்கத்தின் உயரத்தில் 90 விழுக்காட்டைத் தொட்டால்தான் விழும். எங்கள் பக்கத்தில் அத்தியாயம் முடிந்த பிறகும் முந்தைய அத்தியாயங்களின் பட்டியல், வாசகர் கடிதங்கள், சந்தா விளம்பரம் என்று நீண்டுகொண்டே போகும். கதையைக் கடைசி வரிவரை படித்தவரும் பாதியோ முக்காலோதான் வந்திருப்பார். ஆகவே அத்தியாயம் முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்து, அது திரையில் தெரிந்தால் மட்டும் ஒரு நிகழ்வு பதிவாகும்படி செய்தோம். நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே இழுப்பில் கீழே போனவரைப் பிரித்துவிடலாம். இப்படி நாமே வகுக்கும் நிகழ்வை ஏற்குமா, ஏற்றால் எத்தனை ஏற்கும், அதற்குத் தனிக் கட்டணமா என்பது மதிப்பீட்டில் முக்கியமான கேள்வியாகிவிட்டது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சோதனை இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் அது இணையத்தில் பயணம் செய்யும்போது விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்பது எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். முகவரியில் அது 45 எழுத்து. முகவரிக்கு 255 எழுத்து இடம் மட்டும் ஒதுக்கியிருக்கும் சேவையில் இருபத்தெட்டுக் குறியீட்டுக்கு மேல் தாங்காது. எங்கள் தொடரின் முகவரி நாவலின் பெயரில் தொடங்கி அத்தியாய எண்ணில் முடிந்தது. சோதித்த சேவைகளில் ஒன்று முகவரியின் வாலை வெட்டிவிட்டு எல்லா அத்தியாயங்களையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக் காட்டியது. தொடரைப் பற்றிய கேள்விக்குப் பதில் தேடும் கருவிக்கு அத்தியாயங்களையே பிரிக்கத் தெரியவில்லை. அந்தச் சேவை அங்கேயே பட்டியலிலிருந்து போனது. தளத்துக்குள் தேடிய சொற்களின் அறிக்கையையும் பாருங்கள். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பல சேவைகள் அவற்றை இரண்டு வேறு சொற்களாக எண்ணும்.

நேர வலயத்தை அமைக்காமல் விட்டால் சில சேவைகள் லாஸ் ஏஞ்சலிஸ் நேரத்தில் கணக்கெழுதும். இந்தியாவில் காலை ஆறு மணி என்பது அங்கே கோடையில் முந்தைய நாள் மாலை ஐந்தரை. இதழ் வெளியாகும் நாளே மாறிப்போகும்.

வாட்ஸ்அப் வழியாக வருபவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பெரும்பாலும் எந்தக் கருவிக்கும் தெரியாது. 'நேரடி' என்ற தலைப்பில் போட்டுவிடும். இணைப்பின் வாலில் அடையாளம் சேர்த்து அனுப்பலாம்தான். ஆனால் மின்மடலுக்கு என்று வால் சேர்த்த இணைப்பை யாரோ நகலெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள், அது மாதக்கணக்கில் சுற்றும், அத்தனையும் மின்மடல் கணக்கிலேயே ஏறும். வாலின் கணக்கை இதழ் வந்த முதல் சில நாட்களுக்கு மட்டும் நம்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையே கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனத்துக்காக வேறு வகைச் சேவை ஒன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. தளத்துக்கு வருபவர் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறார் என்று பெயர் சொல்லும் சேவை அது. சொந்த ஐ.பி. தொகுதி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மிகுந்த நாடுகளில் அது ஓரளவு வேலை செய்கிறது. பம்ப்செட் நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர்கள் சிலரை அவரவர் அலுவலகத்திலிருந்து தளத்தைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அறிக்கையில் ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். என்று மட்டுமே வந்தது. "ஏனுங்க தம்பி, இந்தப் பேரச் சொல்றதுக்கா மாசாமாசம் டாலர்ல பணம் கேக்கறாங்க?" என்றார் உரிமையாளர். விசாரணைப் படிவத்தில் 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். அவர் தேவைக்கு அது போதும்.

திரையசைவைப் படம்பிடிக்கும் சேவையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாசகரின் விரல் எங்கே போனது, எங்கே நின்றது, என்ன தட்டச்சு செய்தது என்று அனைத்தையும் பிறகு ஓட்டிப் பார்க்கலாம். 2017 நவம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகின் முன்னணி ஐம்பதாயிரம் தளங்களில் 482 தளங்கள் இத்தகைய ஸ்கிரிப்டுகளை வைத்திருப்பதையும், கடவுச்சொல், மருத்துவ விவரம் போன்றவைகூடப் பதிவில் கசிவதையும் வெளிக்கொண்டுவந்தார்கள். அதன்பின் பல சேவைகள் தட்டச்சை மறைத்துக் காட்டும் வசதியைச் சேர்த்தன. ஆனால் அது எந்தப் படிவத்தில் வேலை செய்கிறது, எதில் செய்யவில்லை என்பதை நாமே பார்க்க வேண்டும்.

இதழில் பெண்களுக்கான மருத்துவக் கேள்வி-பதில் பகுதி இருந்தது. பெயர் வெளியிடாமல் எழுதலாம். நான் அந்தப் படிவத்தில் ஒரு பொய்ப் பெயரையும் பொய் எண்ணையும் தட்டச்சு செய்தேன், நோய் பற்றி இரண்டு வரி எழுதினேன், பாதியை அழித்தேன், அனுப்பாமலே மூடினேன். பதிவை ஆசிரியரோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். எண் மறைந்திருந்தது. கேள்விப் பெட்டிக்குள் எழுதியது எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அழித்ததும் தெரிந்தது.

"தம்பி, இது அவங்க எனக்கு எழுதற கடுதாசி. அனுப்பறதுக்கு முன்னாடி அடிச்சுத் திருத்தினதை நான் பார்க்கக் கூடாது" என்றார் ஆசிரியர்.

அன்றே அந்த ஸ்கிரிப்டை எடுத்தோம். சட்டமும் அவர் பக்கம்தான். 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் தனிநபர் தகவலைக் காக்கும் ஜி.டி.பி.ஆர். நடைமுறையில் இருக்கிறது, அங்கிருக்கும் வாசகரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் தளம் எந்த நாட்டிலிருந்தாலும் அதற்குக் கட்டுப்பட்டது. 2022 தொடக்கத்தில் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தகவல் பாதுகாப்பு அமைப்புகள், வாசகர் தகவல் அமெரிக்கா போவதைக் காரணம் காட்டி கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்பாட்டை எதிர்த்துத் தீர்ப்பளித்தன. இந்தியாவிலும் 2023இல் தனிநபர் மின்தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல இது. நாடுவிட்டு வந்து பாரிஸில் தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவர் தன் ஊரைப் பற்றிய கட்டுரையை நள்ளிரவில் திறந்து படித்தார் என்ற தகவல் எந்த விளம்பர வலைப்பின்னலுக்கும் தெரிய வேண்டியதில்லை. தடுப்பான் போட்டுக்கொண்டு வருபவரைச் சுற்றுவழியில் எண்ணித்தர முடியும் என்று சொன்ன பிரதிநிதியையும் இதனாலேயே திருப்பி அனுப்பினேன். எண்ண வேண்டாம் என்று அந்த வாசகர் சொல்லிவிட்டார், விட்டுவிடலாம்.

பணக் கணக்கு சுருக்கம்தான். பல சேவைகள் பக்கத் திறப்பின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும். ஒரு கட்டுரை திடீரென்று பரவினால் அந்த மாதம் என்ன ஆகும், எண்ணுவதை நிறுத்துவார்களா, கூடுதல் பில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய தரவை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். இலவச கூகுள் அனலிட்டிக்ஸில் தனி வருகைகளின் விவரம் இயல்பாக இரண்டு மாதம், மாற்றி அமைத்தால் பதினான்கு மாதம். அதன் முந்தைய பதிப்பு 2023 ஜூலையில் எண்ணுவதை நிறுத்தியது; 2024 ஜூலையோடு பழைய தரவைத் திறந்து பார்க்கும் வழியும் மூடப்பட்டது. முன்கூட்டியே அறிவித்தார்கள்தான். இருந்தாலும் ஏற்றுமதி செய்து வைக்காத சிறு இதழ்களின் பல ஆண்டு வாசிப்பு வரலாறு அதோடு போனது. தமிழில் எதை, எப்போது, எவ்வளவு பேர் படித்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் எங்கே இருக்கிறது?

கடைசியில் இதழுக்கு நான் பரிந்துரைத்தது, தங்கள் சர்வரிலேயே ஓடும்படி மட்டோமோவை நிறுவிக்கொள்வதை. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. வருகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம், ஐ.பி.யின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டுச் சேமிக்கலாம், நாம் வகுத்த நிகழ்வுகளைப் பதியலாம், தரவு வெளியே போகாது. பராமரிக்க ஆள் வேண்டும் என்பது அதன் பெரிய குறை. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் இதைச் சொல்லமாட்டேன். கேள்வி-பதில் படிவப் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்டும் இல்லை. மாதம் முடிந்ததும் அறிக்கையை எடுத்துத் தங்கள் வட்டில் சேமிக்கிறார்கள். நிறுத்த நினைத்த தொடருக்கு அத்தியாயத்தின் கடைசிவரை வரும் வாசகர்கள் இருப்பது தெரிந்ததும் ஆசிரியர் அதை நிறுத்தவில்லை.

நோட்டை அவர்களிடமே விட்டுவந்தேன். தளத்தில் எதை மாற்றினாலும் அதே வருகைகளை மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன முறை வடிவமைப்பை மாற்றியபோது தொடர் பக்கங்களில் மட்டும் ஸ்கிரிப்ட் விடுபட்டுப்போயிருந்தது. சந்தாக் கணக்கு எழுதும் பெண் ஒருவர் தன் போனில் அத்தியாயங்களைத் திறந்து பார்த்து, நோட்டோடு ஒப்பிட்டு, அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார்.